ரவுண்டா, ஃபிளாட்டா? கடற்காற்றில் குடியிருப்பவர் பேஸ் கிட்டாருக்குக் கம்பி வாங்குவது எப்படி

காசிமேட்டுத் தம்பி ஒருவன் போன மாதம் தன் பேஸ் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தான். பெட்டியைத் திறந்தால் கம்பிகள் தேங்காய் நார் நிறத்தில் இருந்தன. மாட்டி நான்கு மாதம்தான் ஆகிறதாம். வீடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்தெருவில். கிட்டார் ஜன்னலோரம் ஆணியில் தொங்குகிறது. சனிக்கிழமை கானா கச்சேரி, ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் திருப்பலிக்கு வாசிப்பு. "கடையில் ஐந்து விதம் காட்டுகிறார்கள் அண்ணா, எதை எடுக்கட்டும்?" என்று கேட்டான்.

வியாசர்பாடியிலிருந்தும் பெரம்பூரிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் இதே கேள்வியோடு வருகிறார்கள். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். என் கட்சி இதுதான்: கம்பியை முதல் நாள் ஒலியைக் கேட்டு வாங்காதீர்கள். புதுக் கம்பி எதுவாக இருந்தாலும் முதல் நாள் நன்றாகத்தான் பாடும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வசிப்பவர், மூன்றாம் மாதம் அது எப்படி ஒலிக்கும் என்று கணக்குப் போட்டு வாங்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பரிந்துரைகளில் பெரும்பாலானவை உப்புக்காற்று படாத ஊர்களில் உட்கார்ந்து எழுதியவை.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலாவது, எங்கே வாசிக்கிறீர்கள் என்பது. உயரமான கூரையுள்ள பழைய தேவாலயமும், தெருவில் பந்தல் போட்டு வாடகை ஸ்பீக்கர் அடுக்கிய மேடையும் ஒரே கம்பியைக் கேட்பதில்லை. இரண்டாவது, உப்பும் வியர்வையும். மூன்றாவது, உங்கள் விரலும் கிட்டாரின் ஃபிரெட்டும் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள்) எவ்வளவு தேயும் என்பது. நான்காவது, ஒரு செட்டின் விலை அல்ல, ஓராண்டுச் செலவு.

ஐந்தாவதைப் பலரும் கவனிப்பதில்லை: உங்கள் கிட்டாரின் நீளம். நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கம் கம்பி உட்காரும் பள்ளக் கட்டை) பிரிட்ஜ் சேடில் (உடல்பக்கம் கம்பி உட்காரும் தாங்கி) வரை 34 அங்குலம் என்றால் அது லாங் ஸ்கேல். பெரும்பாலான பேஸ்கள் இப்படித்தான். புதிதாகப் பழகும் பிள்ளைகளுக்கு வாங்கித்தரும் சிறிய பேஸ் 30 அங்குலமாக இருக்கலாம். அதற்கு ஷார்ட் ஸ்கேல் செட்டே வேண்டும். நீளக் கம்பியை வாங்கி வெட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தால், அதன் தடித்த பகுதி சுருதி முறுக்கும் டியூனிங் கீயில் ஒழுங்காகச் சுற்றாது, சுருதியும் நிற்காது. கடைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே டேப்பால் அளந்துவிடுங்கள்.

## நிக்கல் ரவுண்ட்

கடை உறையில் ரவுண்ட்வவுண்ட் என்று அச்சிட்டிருக்கும். நடுவில் ஓர் எஃகுக் கம்பி, அதன்மேல் நிக்கல் முலாம் பூசிய மெல்லிய உருண்டைக் கம்பி நெருக்கமாகச் சுற்றியிருக்கும். புதுக் கிட்டாரோடு வருவது பெரும்பாலும் இதுதான்.

1951இல் ஃபெண்டர் நிறுவனம் பிரெசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது உலகம் தட்டையான மேல்சுற்றுள்ள ஃபிளாட் கம்பியில்தான் வாசித்துக்கொண்டிருந்தது. 1960களின் நடுவில் தி ஹூ என்ற ஆங்கில ராக் குழுவின் பேஸ் கலைஞர் ஜான் என்ட்விசில், பியானோவின் அடிக்கம்பி போன்ற பளீர் ஒலி வேண்டும் என்று இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் நிறுவனத்தோடு உட்கார்ந்து உருவாக்கியதுதான் இன்றைய ரவுண்ட் கம்பிக்கு வழி திறந்தது.

அந்தப் பளீர் ஒலியால் தெரு மேடையில் ஒரு பெரிய நன்மை உண்டு. பேஸின் தாழ்ந்த இ கம்பி நொடிக்கு சுமார் 41 அதிர்வுகள் எழுப்புகிறது. வாடகை ஸ்பீக்கரில் பாதிக்கு அந்த அதிர்வைத் தெளிவாகத் தரும் வலு கிடையாது. கைப்பேசியில் படமெடுத்துப் போட்டுக் கேட்டால் சுத்தமாகக் கிடையாது. ஆனால் கம்பி எழுப்பும் மேல் அதிர்வுகள் காதில் விழுந்தால், விடுபட்ட அடி ஸ்வரத்தை மூளையே நிரப்பிக்கொள்கிறது. மேல் அதிர்வு அதிகமுள்ளது ரவுண்ட். சட்டியும் டோலக்கும் டிரம்ஸும் ஒரே நேரத்தில் முழங்கும் கானா மேடையில் பேஸ் என்ன வாசிக்கிறது என்று கேட்க வேண்டுமானால் இதுவே கைகொடுக்கும். கட்டைவிரலால் தட்டி வாசிக்கும் ஸ்லாப் பாணிக்கும் இதுதான்.

குறை அந்தச் சுற்றுகளின் இடுக்கில் இருக்கிறது. வியர்வை, செத்த தோல், உப்புத்தூள் எல்லாம் அங்கே போய் அடைந்துகொள்ளும். அடைந்த அழுக்கு மேல் அதிர்வுகளை அமுக்கிவிடும். எல்லா இடத்திலும் ஒரே அளவு அடையாததால் சுருதியும் மேல் ஃபிரெட்டுகளில் பிசகும். நிக்கல் முலாம் தேய்ந்த இடத்தில் உள்ளிருக்கும் எஃகு துருப்பிடிக்கும். வாரம் இரண்டு நாள் வாசிக்கும் எனக்கு, ராயபுரத்தில் ஒரு நிக்கல் செட் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் மந்தமாகிவிடுகிறது. ஒருமுறை யாரோ சொன்னார்கள் என்று தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தேன். துரு நின்றது, ஒலியும் நின்றது.

கொதிக்க வைக்கும் வைத்தியம் இங்கே எல்லோருக்கும் தெரியும். பழைய செட்டைக் கழற்றிப் பத்து நிமிடம் வெந்நீரில் போட்டால் அழுக்கு இறங்கி ஒலி திரும்பும். ஆனால் அந்த இளமை சில நாள்தான். நன்றாக உலர்த்தாவிட்டால் உள்ளிருந்தே துரு பிடிக்கும். கழற்றி மாட்ட மாட்ட கீயில் வளைந்த இடம் பலவீனமாகும். கிறிஸ்துமஸ் வாரத்தில் கையில் காசில்லை என்றால் செய்யுங்கள். அதையே வழக்கமாக்கிக்கொண்டால் கட்டாது.

## ஸ்டெயின்லெஸ் ரவுண்ட்

மேல்சுற்று துருப்பிடிக்காத எஃகு. நிக்கலைவிடக் கூர்மையான ஒலி, உப்பை அதைவிட அதிகம் தாங்கும். "அப்படியானால் நமக்கு இதுதானே சரி?" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. இரண்டு ஆண்டு வாசித்த பிறகு முதல் ஐந்து ஃபிரெட்டுகளில் பள்ளம் விழுந்திருந்தது. சாதாரண ஃபிரெட் எஃகைவிட மென்மையான உலோகம். ஸ்டெயின்லெஸ் கம்பி அதை அரம்போல் தேய்க்கும். ஃபிரெட்டைச் சமப்படுத்தும் கூலியையும் சேர்த்துப் பார்த்தால் துருவில் மிச்சம் பிடித்தது வேறு வழியில் போய்விடுகிறது. ஸ்டெயின்லெஸ் ஃபிரெட் உள்ள கிட்டார் வைத்திருப்பவர் தாராளமாக வாங்கலாம். மற்றவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். விரலும் சொரசொரப்பை உணரும்.

## கோட்டட் ரவுண்ட்

ரவுண்ட் கம்பியின்மேல் கண்ணுக்குத் தெரியாத பாலிமர் படலம் போர்த்தியது. இடுக்கில் அழுக்கு அடையாது, உப்பு உலோகத்தைத் தொடாது. கையில் சற்று வழுக்கும். சிலருக்குப் பிடிக்கும், சிலருக்குச் சோப்புத் தடவியதுபோல் இருக்கும். விலை சாதாரண செட்டைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

படலம் இருக்கும்வரைதான் இந்தக் காவல். பிளெக்ட்ரம் வைத்து ஓங்கி அடிப்பவர்களிடம் படலம் நூல்நூலாக உரிந்துவிடும். உரிந்த இடத்தில் மறுநாளே துரு தொடங்கும். விரலால் வாசிப்பவருக்கு நான் கேட்டவரையில் ஐந்து, ஆறு மாதம் தாங்குகிறது. இன்னொன்று: புகழ்பெற்ற பெயர்களில் போலிச் செட்டுகள் உலவுகின்றன. இணையத்தில் பாதி விலைக்கு வந்ததே என்று நான் எடுத்த ஒரு கோட்டட் செட், மூன்றே வாரத்தில் கறுத்தது. உறையில் எழுத்துப் பிழை இருந்ததை அதற்குப் பிறகுதான் கவனித்தேன்.

## ஃபிளாட்

மேல்சுற்றுக்கு உருண்டைக் கம்பிக்குப் பதிலாகத் தட்டையான உலோகப் பட்டை. தடவினால் கண்ணாடிபோல் வழுவழுப்பு. இடுக்கு இல்லை, ஆகவே அழுக்கு அடைய இடமும் இல்லை. பட்டை பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ். உப்புக்காற்றில் இதற்கு நிகரான ஆயுள் வேறெதற்கும் இல்லை என்பது என் அனுபவம். என் கிட்டாரில் இப்போது இருப்பது நான்காவது ஆண்டில் ஓடுகிறது. அமெரிக்காவின் மோட்டவுன் இசை நிறுவனப் பாடல்களின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் தடித்த ஃபிளாட் செட்டை அறுந்தால் ஒழிய மாற்றவே மாட்டார் என்பது பேஸ் வாசிப்பவர்களுக்கெல்லாம் தெரிந்த கதை. அவர் ஊர் டெட்ராய்ட்; கடல் கிடையாது. ஆனாலும் அந்தச் சோம்பல் நமக்கு இங்கே கொள்கையாகிறது.

ஒலி உருண்டையாக, அடர்த்தியாக, தொடக்கத்தில் ஒரு 'தும்' என்று வந்து சீக்கிரம் அடங்கும். இந்தச் சீக்கிரம் அடங்குவதைக் குறை என்று எழுதுகிறார்கள். பழைய தேவாலயத்தில் வாசித்துப் பாருங்கள். உயர்ந்த கூரையும் கல்தரையும் தாழ்ந்த ஒலியைப் பிடித்து வைத்துக்கொண்டு விடாது. ரவுண்ட் கம்பியில் ஒரு ஸ்வரம் முடிவதற்குள் அடுத்தது வந்து இரண்டும் குழம்பும். பாடகர் குழுவின் ஆண் குரல்கள் அந்தக் குழம்பில் காணாமல் போகும். ஃபிளாட்டில் ஸ்வரங்கள் தனித்தனியாக நிற்கும். விரல் நகரும்போது எழும் 'கீச்' சத்தமும் இல்லை. நற்கருணை வேளையில் மெதுவாக வாசிக்கும்போது இதன் அருமை தெரியும். எண்பதுகளின் திரைப்பாடல்களை வாசிக்கும் மெல்லிசைக் குழுக்காரர்களுக்கும் இந்த ஒலி பொருந்தும்.

இனி மறைசெலவு. செட்டின் விலை நிக்கல் ரவுண்டைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு. அதே பருமனில் ஃபிளாட் பொதுவாக விறைப்பாக இருக்கும். சில செட்டுகள் கழுத்தைக் கூடுதலாக இழுக்கும். நான்கு கம்பிகள் சேர்ந்து கழுத்தை ஏறக்குறைய 80 கிலோ விசையில் இழுத்துக்கொண்டிருக்கின்றன என்பதை நினைவில் வையுங்கள். அது மாறினால் செட்டப்பும் (கழுத்து வளைவு, கம்பி உயரம், சுருதி ஆகியவற்றைச் சரிசெய்வது) மாற வேண்டும். உடலின் பின்பக்கத்திலிருந்து கம்பி நுழையும் வகைக் கிட்டாரானால், சில ஃபிளாட் செட்டுகள் அந்தச் செங்குத்து வளைவைத் தாங்காமல் பட்டை பிளந்துகொள்ளும். உறையில் எச்சரிக்கை இருக்கிறதா என்று படியுங்கள். முதல் இரண்டு வாரம் ஒலி கொஞ்சம் விசித்திரமாகக் கிணுகிணுக்கும். பழகிய பிறகுதான் தன் குரலுக்கு வரும். முதல் நாளே ஏமாந்து கழற்றிவிடுபவர்கள் உண்டு.

இன்னொரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தெரு மேடையில் ஃபிளாட் கம்பியில் வாசித்தால், எதிரே நிற்பவர்களின் வயிறு அதிரும், காதுக்கு ஸ்வரம் எட்டாது. ஆம்பில் டிரெபிளைத் திருகிப் பார்க்கலாம். கம்பியில் இல்லாததை ஆம்ப் கொண்டுவராது.

## டேப்

உலோகச் சுற்றின்மேல் கறுப்பு நைலான் நாடா. துரு நாடாவைத் தொடாது, விரலுக்கு மெத்தை, ஒலி ஆளுயர வயலின் போன்ற காண்ட்ராபேஸை நினைவூட்டும். ஃபிரெட் இல்லாத பேஸ் வைத்திருப்பவர்களுக்கு மிகவும் ஏற்றது, ஏனென்றால் மரத்தைக் கீறாது. ஆனால் பல டேப் செட்டுகள் தடித்தவை. நட்டின் பள்ளத்தை அகலப்படுத்தாமல் உட்காராது. ஒருமுறை அகலப்படுத்திய நட்டில் பழைய கம்பி ஆடும். எங்கள் பக்கம் இதைத் தொடர்ந்து வாசிப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ரவுண்டுக்கும் ஃபிளாட்டுக்கும் நடுவே, ரவுண்டின் மேற்பரப்பை மட்டும் தேய்த்து எடுத்த ஹாஃப்ரவுண்ட் என்ற வகையும் இருக்கிறது. இரண்டின் குறைகளும் அதில் கொஞ்சம் கொஞ்சம் உண்டு என்பது என் எண்ணம்.

## ஒரே பார்வையில்

| கம்பி | தெரு மேடை | தேவாலயம் | உப்புக்காற்றில் | மறைசெலவு |
|---|---|---|---|---|
| நிக்கல் ரவுண்ட் | நன்று | எதிரொலியில் குழம்பும் | 6–8 வாரம் | அடிக்கடி மாற்றுதல் |
| ஸ்டெயின்லெஸ் ரவுண்ட் | மிக நன்று | கூர்மை அதிகம் | நிக்கலைவிட மேல் | ஃபிரெட் தேய்மானம் |
| கோட்டட் ரவுண்ட் | நன்று | பரவாயில்லை | 5–6 மாதம் | படலம் உரிதல், போலிகள் |
| ஃபிளாட் | அமுங்கும் | மிக நன்று | ஆண்டுக்கணக்கு | செட்டப், முதல் விலை |
| டேப் | அமுங்கும் | நன்று | ஆண்டுக்கணக்கு | நட் வேலை |

காலக்கணக்கு எல்லாம் என் கையும் என் நண்பர்கள் கையும் சொல்வது. சிலர் வியர்வையில் ஒரே மாதத்தில் செட் கறுத்துப்போகும். அவர்கள் பாதியாகக் குறைத்துக்கொள்ளட்டும்.

பணத்தையும் பார்த்துவிடலாம். நிக்கல் செட் 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு ஒன்று என்றால் ஆண்டுக்கு 12,000. கோட்டட் 4,000 என்றால் இரண்டு செட், 8,000. ஃபிளாட் 5,000, செட்டப் கூலியைத் தனியாகச் சேர்த்தாலும் மூன்று ஆண்டில் பிரித்தால் எங்கோ கீழே போய்விடும். விலைச்சீட்டில் மலிவாகத் தெரிவதே இங்கே மிக அதிகம் விழுங்குவது. மந்தமான பிறகும் மாற்றாமல் ஓராண்டு ஓட்டினால் அது மலிவுதானே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் அப்போது நீங்கள் வாசிப்பது ரவுண்ட் அல்ல, ஃபிரெட்டைத் தேய்க்கும் மட்டமான ஃபிளாட்.

## எந்தப் பருமன்

உறையில் 45–105 என்றால் மெல்லிய ஜி கம்பி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 45 பங்கு, அதாவது 1.14 மில்லிமீட்டர், இ கம்பி 2.67. இதிலேயே தொடங்குங்கள். விரல் வலிக்கிறது என்பவர் 40–100க்கு இறங்கலாம். சுருதியைத் தாழ்த்தி வாசிப்பவர் 50–110க்கு ஏறலாம். ஐந்து கம்பிப் பேஸில் பி கம்பி 125 அல்லது 130 எடுப்பது நல்லது. நொடிக்கு 31 அதிர்வு மட்டுமே உள்ள கம்பி மெலிந்திருந்தால் துவண்டு அடிக்கும்.

## மாட்டுவது: நீங்களா, வேலை தெரிந்தவரா

அதே வகை, அதே பருமன் என்றால் நீங்களே மாட்டலாம். வகை மாறினால் முதல் முறை தெரிந்தவரிடம் கொடுத்து, பக்கத்தில் நின்று பாருங்கள்.

நீங்களே மாட்டும்போது ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டுங்கள். கம்பியை அதன் கீயைத் தாண்டி பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் விட்டு, முதலில் செங்குத்தாக மடக்கி, மடக்கிய பிறகே வெட்டுங்கள். மடக்காமல் வெட்டினால் மேல்சுற்று உள்கம்பியை விட்டு நழுவி, அந்தக் கம்பி நிரந்தரமாகச் செத்த ஒலி தரும். ஃபிளாட்டில் இது 5,000 ரூபாய்ப் பிழை. நுனியைக் கீயின் நடுத்துளையில் இறக்கி, மேலிருந்து கீழாக இரண்டு மூன்று சுற்று. சுருதி சேர்த்தபின் நட்டுக்கு அருகிலும் சேடிலுக்கு அருகிலும் கம்பியை விரலால் லேசாக அழுத்திவிடுங்கள். அங்கே வில்போல் வளைந்திருந்தால் சுருதி நிற்காது.

பிறகு கழுத்து. முதல் ஃபிரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் ஃபிரெட்டிலும் இ கம்பியை அழுத்திக்கொண்டு, எட்டாவது ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 0.30 மில்லிமீட்டர் இருக்கலாம். அளக்க இசைக்கருவிக் கடைக்கு ஓட வேண்டாம். தெருமுனை டூவீலர் மெக்கானிக் டேப்பெட் இடைவெளி பார்க்க வைத்திருக்கும் மெல்லிய தகடுகள் அடுக்கிய ஃபீலர் கேஜ் போதும். புதிது வேண்டுமானால் பிராட்வே பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் கேளுங்கள். இடைவெளி அதிகமாக இருந்தால் கழுத்துக்குள் ஓடும் எஃகுத் தண்டான டிரஸ் ராடின் திருகை வலப்பக்கம் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். ஓர் இரவு விட்டு மறுநாள் அளந்து பாருங்கள். திருகு இறுகி நின்றால் பலப்பரீட்சை செய்யாமல் விட்டுவிடுங்கள்.

கழுத்து சரியான பிறகே உயரம். பதினேழாவது ஃபிரெட்டில் இ கம்பி 2.4, ஜி கம்பி 2 மில்லிமீட்டர் என்று தொடங்கி, 'சர்' என்று உரசினால் கொஞ்சம் ஏற்றுங்கள். கடைசியாக, பன்னிரண்டாவது ஃபிரெட்டின்மேல் விரலைத் தொட்டு எடுத்தால் வரும் ஹார்மோனிக்கும், அதே இடத்தில் அழுத்தி வாசித்தால் வரும் ஸ்வரமும் டியூனரில் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தியது ஏறியிருந்தால் சேடிலைப் பின்னே தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னே.

நட்டைத் தேய்க்கும் வேலையை மட்டும் நீங்கள் தொடாதீர்கள். ஒரு தடவை அவசரத்துக்கு யாரிடமோ கொடுத்து, பள்ளம் ஆழமாகிப்போய், திறந்த இ கம்பி வாரக்கணக்கில் என்னோடு சண்டை போட்டது. கடைசியில் புது நட்.

## யார் எதை எடுப்பது

கோவில் திருவிழா, கல்யாணம், கானா மேடை என்று வெளியிடங்களில் மட்டும் வாசிப்பவர் கோட்டட் ரவுண்ட் எடுங்கள். கையில் பணம் குறைவாக இருந்தால் நிக்கல் ரவுண்ட். வாசித்து முடித்ததும் பழைய பனியன் துணியால் கம்பியின் மேலும் கீழும் துடையுங்கள், கிட்டாரைப் பெட்டிக்குள் வையுங்கள், செருப்பு டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைக் கூடவே போடுங்கள். தேவாலயத்தில் மட்டும் வாசிப்பவருக்கு ஃபிளாட், யோசனையே வேண்டாம். இரண்டு கிட்டார் வைத்திருப்பவருக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை.

காசிமேட்டுத் தம்பிக்கு இருப்பது ஒரே கிட்டார், இரண்டு மேடை. கோட்டட் 45–105 வாங்கச் சொன்னேன். தேவாலயத்தில் டோன் குமிழைப் பாதிக்குக் குறைத்து, உள்ளங்கை விளிம்பைப் பிரிட்ஜ் அருகே லேசாகப் படியவைத்து வாசித்தால் ஃபிளாட்டுக்கு அருகில் வரலாம். ஃபிளாட் கம்பியை எந்தக் குமிழாலும் ரவுண்டாக்க முடியாது. ஜன்னலோர ஆணியையும் அன்றே பிடுங்கச் சொன்னேன்.

பழைய செட்டில் தேறும் நிலையிலிருந்த இரண்டு கம்பிகளைச் சுருட்டிப் பெட்டிக்குள் போட்டுக் கொடுத்தேன். காலைத் திருப்பலிக்கு முன் ஜி கம்பி அறுந்தால், அந்த நேரத்துக்கு எந்தக் கடையும் திறந்திருக்காது.